சொட்டுக்கும் தரைக்கும் நடுவே

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்றொரு சிற்றூர். அங்குள்ள ஒரு பழைய மரக் கொட்டகைக்குள் நுழைகிறவர்கள் தங்கள் காலணியைக் கழற்றிவிட்டு, வாசலில் தரும் மெத்தென்ற செருப்பை மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் பார்க்க வந்த பொருளே தரைதான். ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1946 முதல் இந்தக் கொட்டகையில் வேலை செய்தார். கான்வாஸைத் தரையில் விரிப்பார். எனாமல் பெயின்ட்டைக் குச்சியில் தோய்த்துச் சொட்டவிடுவார், வீசுவார். கான்வாஸின் ஓரத்தைத் தாண்டிய சொட்டுகள் பலகையில் விழுந்து காய்ந்தன. 1953இல் கொட்டகையைச் செப்பனிட்டபோது அழுத்தப்பட்ட மரநார் அட்டைகளைப் பதித்துத் தரையை மூடிவிட்டார்கள். 1956இல் பொல்லாக் கார் விபத்தில் இறந்தார். அவருடைய மனைவியும் ஓவியருமான லீ கிராஸ்னர் 1984இல் மறைந்தார். அதன்பின் இடத்தை அருங்காட்சியகமாக்கும் வேலையில் அட்டைகளைப் பெயர்த்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மூடிக்கிடந்த சொட்டுகள் நிறம் மங்காமல் அப்படியே இருந்தன.

அந்தத் தரையில் ஒரு சொட்டைச் சுரண்டினாலும் குற்றம். மற்ற வீடுகளில் நிலைமை தலைகீழ். சுவருக்கு வெள்ளையடித்த கையோடு பெயின்டர் கிளம்பிவிடுவார். விரிப்பு விலகியிருந்த இடத்தில் நாலைந்து புள்ளிகள் கிடக்கும். அன்று கண்ணில் படாது. ஒரு வாரம் கழித்துத் தரையைத் துடைக்கும்போது தெரியும், ஈரத்துணிக்கு அசையாது.

அப்படிக் காய்ந்த சொட்டு ஒன்றைக் குறுக்காக வெட்டிப் பார்க்க முடிந்தால் மூன்று அடுக்குகள் தெரியும். அடியில் மரம். நடுவில் மரத்துக்குப் பூசிய மேற்பூச்சு. பாலியூரித்தேன் மூன்று கை பூசியிருந்தால் அதன் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ., அதாவது அச்சுத் தாள் ஒன்றின் கனம். அதன்மேல் பெயின்ட் சொட்டு. புடைத்து நிற்கும் நடுப்பகுதியில் 1 மி.மீ. வரைகூட இருக்கும். உப்புத்தாளைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் மேலடுக்கு இரண்டே நிமிடத்தில் போய்விடும். கூடவே நடு அடுக்கும் போய்விடும். சொட்டு இருந்த இடத்தில் அதைவிடப் பெரிதாக, வெளிறிய வட்டம் ஒன்று நிற்கும். பெயின்ட்டைப் பிடித்து, அடியிலிருக்கும் தாள் கனப் பூச்சைப் பிடிக்காமல் விடுவது எது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது. அதற்கு மேலே இருப்பது என்ன, கீழே இருப்பது என்ன என்று இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு விதமாகக் காயும் பெயின்ட்

கடையில் எத்தனையோ பெயர்களில் பெயின்ட் விற்றாலும், வீட்டுச் சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தரைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டே வகை: எமல்ஷன், எனாமல்.

எமல்ஷனில் தண்ணீருக்குள் பிளாஸ்டிக் துகள்கள் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. தண்ணீர் ஆவியாக ஆகத் துகள்கள் நெருங்கி, ஒன்றையொன்று நசுக்கி, எல்லை அழிந்து ஒரே படலமாகின்றன. 1948இல் அமெரிக்காவின் கிளிடன் நிறுவனம் ‘ஸ்பிரெட் சாட்டின்’ என்ற பெயரில் ஸ்டைரீன்-பியூட்டடையீன் ரப்பர் துகள்களைக் கொண்டு வீட்டுச் சுவருக்கான பெயின்ட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1953இல் ரோம் அண்டு ஹாஸ் நிறுவனம் அக்ரிலிக் துகள்களைக் கொண்டுவந்தது. இன்றைய எமல்ஷன்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. படலம் காய்ந்த பிறகும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே வேதிப் பிணைப்பு கிடையாது. பின்னிக் கிடக்கின்றன, அவ்வளவே. ஆகவே சூடு பட்டால் இளகும். தகுந்த கரைப்பான் பட்டால் உப்பிக் குழையும்.

எனாமலின் கதை வேறு. அதில் தின்னர் ஆவியாவது முதல் கட்டம் மட்டுமே. அதன்பின் பெயின்ட்டில் உள்ள எண்ணெய்க் கூறுகள் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே பாலம் போட்டுக்கொள்கின்றன. இதைத் துரிதப்படுத்தக் கோபால்ட் உப்பு போன்றவற்றைச் சிறிதளவு சேர்ப்பார்கள். முடிவில் சொட்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே பெரிய வலையாகிவிடுகிறது. வலையைப் பிரித்துத் திரும்பப் பழைய திரவமாக்க முடியாது. எந்த டப்பாவில் டர்பென்டைன் ஊற்றிக் கலக்கினார்களோ, அதே டர்பென்டைன் காய்ந்த எனாமலை ஒன்றும் செய்யாததற்குக் காரணம் இதுதான்.

கனமான எனாமல் சொட்டு ஒன்று ஏமாற்றவும் செய்யும். ஆக்சிஜன் மேலிருந்துதானே வரவேண்டும்? மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே போகும் காற்றைத் தடுக்கிறது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். நகத்தால் அழுத்தினால் தோல் கிழிந்து உள்ளிருக்கும் பசை தரையில் இழுவும். இந்த நிலையில் இருப்பதை அவசரப்பட்டுத் தேய்த்தால் ஒரு சொட்டு ஒரு சாண் அகலக் கறையாகும்.

இரண்டில் எது என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுச் சொட்டின் உச்சியில் மட்டும் அரை நிமிடம் வைத்துத் தேய்த்தால், எமல்ஷன் என்றால் பஞ்சில் நிறம் ஏறும். எனாமல் என்றால் பஞ்சு வெள்ளையாகவே இருக்கும்.

அடியில் இருப்பது யார்?

மேற்பூச்சை அடையாளம் காண்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் ஓக் பலகைத் தரைக்கு இப்போது பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசுகிறார்கள். ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் 1937இல் ஓட்டோ பேயர் தொடங்கிவைத்த வேதியியலின் வாரிசு அது. நன்றாக இறுகிய பாலியூரித்தேன் ஆல்கஹாலைச் சில நிமிடங்கள் பொறுத்துக்கொள்ளும். அமெரிக்க, ஐரோப்பிய வீட்டுக் குறிப்புகளில் ‘ஆல்கஹாலால் துடையுங்கள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது இந்தத் தரையை மனதில் வைத்துத்தான்.

தமிழ்நாட்டில் மரத்தரை குறைவு. உதகை, குன்னூர் பக்கத்துப் பழைய பங்களாக்களில் பார்க்கலாம். ஆனால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தேக்கு நிலையிலும், ஊஞ்சல் பலகையிலும், மாடிப்படிக் கைப்பிடியிலும் எமல்ஷன் சொட்டாத வீடு அபூர்வம். பழைய வீடுகளில் இவற்றுக்குப் பூசியிருப்பது பெரும்பாலும் ஸ்பிரிட் பாலிஷ். அது அரக்கு. கெர்ரியா லாக்கா என்ற பூச்சி மரக்கிளைகளில் சுரந்து வைப்பதைச் சுரண்டி, சுத்தம் செய்து, ஸ்பிரிட் எனும் ஆல்கஹாலில் கரைத்தால் பாலிஷ் தயார். இந்தப் பூச்சியை ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் 1924இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஸ்பிரிட்டில் கரைந்து வந்தது, ஸ்பிரிட் பட்டால் மீண்டும் கரையும். ஓக் தரைக்குச் சொன்ன குறிப்பைத் தேக்கு நிலையில் செய்து பார்த்தால், எமல்ஷன் இளகுவதற்கு முன்பே அரக்கு கரைந்து பஞ்சு பழுப்பேறும்.

ஆகவே பீரோவுக்கு அடியிலோ கதவின் பின்னாலோ, கண்ணுக்குத் தெரியாத மூலையில் மூன்று சோதனைகள். முதலில் ஒரு துளி தண்ணீர். உருண்டு அப்படியே நின்றால் மேலே படலம் இருக்கிறது. மரம் அதை உறிஞ்சிக் கருத்தால் வெறும் எண்ணெய்ப் பூச்சு, அல்லது பூச்சே இல்லை. பத்து நிமிடத்தில் அடியில் வெள்ளைத் தடம் விழுந்தால் மெழுகு. இரண்டாவது, ஒரு துளி ஸ்பிரிட். பிசுபிசுத்தால் அரக்கு. மூன்றாவது, பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் தின்னர். அதில் இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மூன்றுக்கும் பெரிதாக அசையாமல் நின்றால் பாலியூரித்தேன் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பலம், குளிர், சூடு

மேலும் கீழும் தெரிந்துவிட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடலாம். முதல் வித்தியாசம் பிடிமானத்தில். பளபளப்பான பாலியூரித்தேன்மீது விழுந்த சொட்டுக்குப் பிடித்துக்கொள்ளப் பள்ளம் மேடு கிடையாது. அதை நேர் மேலே இழுத்தால் முழுப் பரப்பின் பிடியும் சேர்ந்து எதிர்க்கும். ஓரத்தில் ஆப்புபோல் நுழைந்து தள்ளினால் விசை முழுவதும் ஒரு மெல்லிய கோட்டில் குவியும். பழைய வங்கி அட்டை ஒன்று இதற்குப் போதும். சர்வதேசத் தர அளவுப்படி அதன் கனம் 0.76 மி.மீ.; தரையோடு படுக்கவைத்துத் தள்ளும்போது வளைந்துகொடுக்கும், பாலியூரித்தேனைக் கீறாது. பட்டி பார்க்கும் இரும்புத் தகடு அந்த அளவுக்குச் சாதுவல்ல. அதன் இரு மூலைகளையும் அரம் போட்டு மழுக்காமல் தரையில் வைப்பது ஆபத்து. கோடு விழுவது எப்போதும் மூலையால்தான்.

இரண்டாவது வித்தியாசம் வெப்பநிலையில். ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே கண்ணாடிபோல் முறியும், மேலே ரப்பர்போல் இழுபடும். பல எமல்ஷன்களுக்கு அந்த எல்லை அறை வெப்பத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதாவது சொட்டை இந்தப் பக்கமும் தள்ளலாம், அந்தப் பக்கமும் தள்ளலாம். தடிமனான சொட்டின்மேல் பிளாஸ்டிக் பையில் போட்ட ஐஸ் கட்டியைச் சில நிமிடம் வைத்தால் முறியும் பக்கத்துக்கு வரும். அட்டையின் ஓரத்தால் சுண்டினால் சில்லாகத் தெறிக்கும். மெல்லிய தெறிப்புக்கு ஹேர் டிரையர் நல்லது. இளகியதைச் சுருட்டி எடுக்கலாம்.

சூட்டுக்கு ஒரு கணக்கு வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். அரக்கு 75 டிகிரி வாக்கில் இளகிவிடும். ஹேர் டிரையரை முகப்பு ஒட்டும்படி பிடித்தால் காற்று 60 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே மெழுகுத் தரையிலும் ஸ்பிரிட் பாலிஷிலும் சூடு வேண்டாம். அங்கே ஐஸ்தான் துணை. பாலியூரித்தேனிலும் ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்ட வேண்டும். கைவிரலை வைத்து எடுக்க முடிகிற சூடே போதும்.

கரைப்பானின் மூன்று எண்கள்

பலமும் சூடும் பலிக்காத இடத்தில் கரைப்பான் வருகிறது. எது எதைக் கரைக்கும் என்பது நெடுங்காலம் கைப்பழக்கமாகவே இருந்தது. பெர்க்லியில் வேதியியலாளர் ஜோயல் ஹில்டிபிராண்ட் அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தார். டென்மார்க்கில் சார்ல்ஸ் ஹேன்சன் 1967இல் தன் ஆய்வேட்டில் அந்த ஒற்றை எண்ணை மூன்றாகப் பிரித்தார்: மூலக்கூறுகளுக்கு இடையே இயல்பாக உள்ள மென்மையான ஈர்ப்பு, மின்முனைகளால் வரும் ஈர்ப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு. மூன்று எண்களையும் மூன்று அச்சுகளாகக் கொண்டால் ஒவ்வொரு கரைப்பானும் அந்த முப்பரிமாண வெளியில் ஒரு புள்ளி. ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் தன்னைச் சுற்றி ஓர் உருண்டை. உருண்டைக்குள் விழும் புள்ளி அதைக் கரைக்கும் அல்லது உப்பவைக்கும். வெளியே விழுவது தொடாது. சொட்டின் உருண்டைக்குள்ளும் மேற்பூச்சின் உருண்டைக்கு வெளியேயும் விழும் புள்ளிதான் வேண்டும். தனித்தனியே பயனில்லாத இரண்டு கரைப்பான்களைக் கலந்து அந்த இடத்தில் ஒரு புள்ளியை உண்டாக்கவும் முடியும்.

இதை உலகமே பார்க்கச் செய்து காட்டியது லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகம். 2012 அக்டோபரில் பார்வையாளர் ஒருவர் மார்க் ராத்கோவின் 1958ஆம் ஆண்டு ஓவியமான ‘பிளாக் ஆன் மரூன்’ மீது கிராஃபிட்டி மையால் எழுதிவிட்டார். மை அடுக்கடுக்கான பூச்சுகளுக்குள் ஊறியிருந்தது. மேலே இருப்பதைக் கரைக்கும் எதுவும் அடியில் இருக்கும் ராத்கோவையும் கரைக்கும் அபாயம். பராமரிப்புக் குழுவினர் ஓவியத்தில் கை வைப்பதற்கு முன் ஏறத்தாழ ஒன்பது மாதங்களை ஆராய்ச்சிக்கே செலவிட்டார்கள். அதே மாதிரிப் பூச்சுகளோடு ஒரு சோதனைக் கான்வாஸ் தயாரித்து, அதே மையைப் பூசி, கரைப்பான்களை ஒவ்வொன்றாக முயன்றார்கள். கடைசியில் தேறியது பென்சைல் ஆல்கஹாலும் எத்தில் லாக்டேட்டும் கலந்த ஒரு கலவை. 2014 மே மாதம் ஓவியம் மீண்டும் சுவருக்கு வந்தது. பீரோவுக்கு அடியில் செய்யும் சோதனையும் அந்தச் சோதனைக் கான்வாஸும் செய்வது ஒரே வேலை.

பராமரிப்புக்காரர்கள் எப்போதும் மிக மென்மையானதில் தொடங்குகிறார்கள். பலர் விரும்பிப் பயன்படுத்துவது எச்சில். போர்ச்சுகல் ஆய்வாளர்கள் மூவர் 1990இல் இதைச் சோதித்து, எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதிக்கு அழுக்கு நீக்குவதில் பங்குண்டு என்று எழுதினார்கள். 2018இல் அந்தக் கட்டுரைக்கு வேதியியலுக்கான இக்நோபல் பரிசு கிடைத்தது. பெயின்ட் சொட்டை எச்சில் கரைக்காது. ஆனால் சொட்டைச் சுற்றிப் படிந்த அழுக்கை, மென்சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொண்டு முதலில் துடைத்தெடுப்பது அதே ஒழுங்குதான். விழுந்து ஓரிரு நாளே ஆன எமல்ஷன் என்றால் அந்தத் துடைப்பிலேயே கையோடு வந்துவிடவும் கூடும்.

சதுரத்தின் விதி

ஓக் தரை, பாலியூரித்தேன் பூச்சு, வெள்ளை எமல்ஷன் சொட்டு ஒன்று, நாலைந்து வாரம் காய்ந்தது. இதை எடுக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

ஒரு திரவம் படலத்துக்குள் ஊற எடுக்கும் நேரம், ஏறத்தாழக் கனத்தின் இருபடியாக ஏறுகிறது. கனம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. சொட்டின் கனம் 1 மி.மீ., பூச்சின் கனம் 0.1 மி.மீ. என்றால், சொட்டை அடிவரை நனைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கிலேயே, பக்கத்தில் வெறுமனே இருக்கும் பூச்சை ஆல்கஹால் ஊடுருவக்கூடும். பாலியூரித்தேன் ஆல்கஹாலுக்கு மெதுவாகவே இடம் கொடுக்கும் என்பதால்தான் தப்பிக்கிறோம். ஆனாலும் கணக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறது: சொட்டை முதலில் மெலிதாக்க வேண்டும், ஆல்கஹால் சொட்டின் எல்லையைத் தாண்டக் கூடாது.

அட்டையால் சொட்டின் தலையைச் சீவினால் கனம் பாதியாகும், ஊறும் நேரம் காலாகும். பிறகு பஞ்சைச் சொட்டின் அளவுக்கே கிள்ளி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து மேலே வைக்க வேண்டும். மேலே ஒரு சிறிய பாட்டில் மூடியைக் கவிழ்த்தால் ஆவியாவது குறையும். ஒரு நிமிடத்தில் மூடியை எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் பரப்பில் சுருக்கம் விழுந்திருக்கும். விளிம்பு ஒரு பக்கம் தூக்கியிருக்கும். படலம் உப்பி, பிடி தளர்ந்ததன் அறிகுறி அது. அந்த விளிம்பில் அட்டையை நுழைத்து, மரத்தின் ரேகை போகும் திசையில் தள்ளினால் தோல்போல் உரிந்து வரும். பாக்கி இருப்பதற்கு மறுபடியும் ஒரு நிமிடம். கடைசியாக ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி.

பஞ்சுக்குப் பதில் ஜெல் இன்னும் நல்லது. அது வைத்த இடத்தில் நிற்கும், ஓடாது. ஓவியப் பராமரிப்பில் ரிச்சர்ட் உல்பர்ஸ் 1980களில் பரப்பிய கரைப்பான் ஜெல்களின் தத்துவம் இதுவே: கார்போபால் போன்ற பாலிமரில் கரைப்பானைச் சிறைவைத்து, மேற்பரப்பில் மட்டும் வேலை வாங்குவது. கொரோனா நாட்களில் எல்லா வீட்டிலும் வந்து உட்கார்ந்த கெட்டியான சானிடைசரும் அதே குடும்பம். ஆல்கஹால், அதைக் கெட்டியாக்கும் கார்போமர், கொஞ்சம் கிளிசரின். எமல்ஷன் சொட்டுக்கு அது கச்சிதமாக வேலை செய்கிறது. பிறகு கிளிசரினின் வழுக்கலைத் துடைத்துவிட வேண்டும்.

எனாமல் சொட்டு என்றால் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஒற்றை டப்பாவில் வரும் பாலியூரித்தேன் பலவும் எண்ணெய் அடிப்படையிலானவை. அவையும் ஆக்சிஜனை இழுத்து வலைபோட்டே இறுகுகின்றன. சொட்டும் பூச்சும் பங்காளிகள். ஹேன்சனின் கணக்கில் இரண்டு உருண்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். எனாமலை உப்பவைக்கும் பெயின்ட் ரிமூவர் பூச்சையும் சேர்த்தே கிளப்பிவிடும். அங்கே மிஞ்சுவது பலம் மட்டும். லேசாகச் சூடு காட்டி, அட்டையால் அடுக்கடுக்காகச் சீவி, பூச்சின் பளபளப்பு எட்டிப்பார்க்கும் இடத்தில் கையை நிறுத்த வேண்டும்.

மரத்துக்குள் போனது

பூச்சில்லாத மரத்தில், அல்லது பூச்சு தேய்ந்துபோன நடைவழியில் விழுந்த சொட்டு வேறு ரகம். ஓக்கின் பெரிய நாளங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு; குறுக்களவு 0.2 முதல் 0.3 மி.மீ. வரை. வெள்ளைப் பெயின்ட்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடுத் துகள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தாராளமாக உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேலே சுரண்டிய பிறகும் ரேகைகளில் வெள்ளைக் கோடு தங்குவது இதனால்தான். ஆல்கஹாலில் தோய்த்த பழைய டூத்பிரஷ்ஷால் ரேகை வாக்கிலேயே தேய்த்து, வெளியே வருவதை உடனுக்குடன் ஒற்றி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தண்ணீரைத் தேக்கி ஊறவைப்பது கூடாது. முற்றிலும் உலர்ந்த நிலைக்கும் பச்சை மரத்தின் நிலைக்கும் இடையே வடஅமெரிக்கச் சிவப்பு ஓக் வளையங்களின் போக்கில் 8.6 சதவீதம் வரை அளவு மாறும், தேக்கு 5.8 சதவீதம். நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம். பலகை இடுக்கில் இறங்கிய நீர் ஓரங்களைத் தூக்கிவிட்டால் சொட்டைவிடப் பெரிய தொல்லை.

இரும்பு நாரும் வேண்டாம். ஓக்கில் டானின் நிறைய. நாரிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூளும் ஈரமும் டானினும் சேர்ந்தால் கருநீலக் கறை பிறக்கும். கடுக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சிய வேதியியல்தான் இது. எழுத்தை நிலைக்கச் செய்தது தரையிலும் நிலைக்கும்.

உயிருக்கு விலை

தரைக்குச் சேதமில்லாமல் எடுப்பது ஒரு பக்கம். எடுக்கிறவருக்குச் சேதமில்லாமல் எடுப்பது இன்னொரு பக்கம். பல பத்தாண்டுகள் பெயின்ட் ரிமூவர்களின் ராஜாவாக இருந்த மெத்திலீன் குளோரைடு எனாமலையும் நிமிடங்களில் கொப்புளிக்கச் செய்யும். அதன் ஆவி காற்றைவிடக் கனம். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். காற்றோட்டமில்லாத குளியலறைகளில் தொட்டிகளுக்குப் பூச்சு புதுப்பித்த தொழிலாளர்கள் அமெரிக்காவில் அடுத்தடுத்து மாண்டார்கள். வீட்டு உபயோகத்துக்கான பெயின்ட் ரிமூவராக அதை விற்பதற்கு அந்நாடு 2019இல் தடை போட்டது.

பழைய வீட்டில் பழைய சொட்டு என்றால் ஈயம் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். அமெரிக்கா 1978இல் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடுத்தது. இந்தியாவில் 90 பிபிஎம் என்ற வரம்பு 2016ஆம் ஆண்டு விதிகளால்தான் வந்தது. ஈயம் கலந்த சொட்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசி, அதிகச் சூடு காட்டினால் புகை. இரண்டும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் விஷம். ஈயப் பெயின்ட் உள்ள வீடுகளில் 1,100 டிகிரி பாரன்ஹீட், அதாவது 593 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஹாட் ஏர் கன்னை வைக்க அமெரிக்க விதிகள் அனுமதிப்பதில்லை. ஈரப்படுத்திச் சீவி, தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே பாதுகாப்பு.

ஆளி விதை எண்ணெயை ஊறவைத்துச் சொட்டை இளக்கும் பழைய கைவைத்தியமும் உண்டு. சாதுவான வழிதான், ஆபத்து துடைத்த துணியில். எனாமலைப் போலவே இந்த எண்ணெயும் ஆக்சிஜனை இழுத்துக் காயும், அப்போது சூட்டை வெளிவிடும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு கலைந்துபோகும். கசக்கி மூலையில் எறிந்த துணிக்குவியலில் சேர்ந்து சேர்ந்து தானாகவே தீப்பற்றும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவில் 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தில் நடந்தது இதுதான். 22ஆம் மாடியில் மரப் பலகைகளைப் புதுப்பித்தவர்கள் விட்டுச்சென்ற எண்ணெய்த் துணிகளில் தொடங்கிய தீ ஏறத்தாழ 19 மணி நேரம் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். தானியங்கி நீர்த்தெளிப்பான் இருந்த 30ஆம் மாடிக்கு வந்த பிறகே தீ நின்றது. துணியை நீரில் அமிழ்த்தி, மூடியுள்ள தகர டப்பாவில் போடுவதே பாதுகாப்பான பட்டறை வழக்கம்.

பூச்சு கெட்டுப்போனால்

எல்லாம் சரியாகச் செய்தும் சொட்டு இருந்த இடம் மங்கிப்போகலாம். இங்கே பூச்சுகளின் வரிசை அப்படியே கவிழ்கிறது. ஸ்பிரிட் பாலிஷ்தான் எல்லாவற்றிலும் எளிதில் கெட்டுப்போவது. அதைச் சரிசெய்வதும் அவ்வளவு எளிது. புதிய அரக்கில் உள்ள ஸ்பிரிட் பழைய அரக்கையும் இளக்குவதால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், ஒட்டுத் தெரியாது. மெழுகும் அப்படியே, கொஞ்சம் தடவித் துணியால் மினுக்கினால் போதும். எண்ணெய்ப் பூச்சுக்கு இன்னொரு கை எண்ணெய்.

பாலியூரித்தேன் ஆல்கஹாலுக்கும் தின்னருக்கும் நெஞ்சு நிமிர்த்தி நின்றது. அதே குணத்தால் புதிய கோட்டையும் உள்ளே விடுவதில்லை. புதியது பழையதின்மேல் தனித் தாளாகத்தான் உட்காரும். புள்ளிவைத்துப் பூசினால் வட்டமாக விளிம்பு தெரியும். தரை வேலைக்காரர்கள் ஒரு பலகையை இடுக்கிலிருந்து இடுக்கு வரை முழுவதுமாக நுண்ணிய உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அந்த ஒரு பலகைக்கு மட்டும் மெல்லிய கோட் கொடுக்கிறார்கள். விளிம்பு இடுக்குக் கோட்டில் மறைந்துவிடும். மறுநாள் நடக்கலாம், ஆனால் பூச்சு முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை அந்த இடத்தில் பாய், கம்பளம் எதையும் போட்டு மூடுவதில்லை. அந்த வாரங்களில் சுவருக்கு மிச்சம் மீதி டச்சப் வேலை இருந்தால், விரிப்பைப் பலகையில் டேப் போட்டு ஒட்டாமல் சுவரடிப் பட்டையோடு ஒட்டுகிறார்கள். பாதி இறுகிய பூச்சு டேப்போடு சேர்ந்து உரிந்து வந்துவிடும்.